குட்டிக் கவட்டைகள்

பதினான்கு ஆண்டுகளாக மலம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவு. காலையில் வரிசையாக வந்து சேரும் சிறு டப்பாக்களைத் திறக்க வேண்டும், கம்பி வளையத்தால் தொட்டுத் தட்டில் கோடு இழுக்க வேண்டும், மறுநாள் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மூக்கு எப்போதோ பழகிவிட்டது. அதனால் எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, டயப்பர் மாற்றுவதை மட்டும் நான் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. பாதித் தூக்கத்தில் செய்வேன்.

அப்படி ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. விளக்குப் போடவில்லை. அழுத குழந்தையைத் தடவி எடுத்து டயப்பரைக் கழற்றினேன். கையில் இருப்பது பெரியவன் என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது. லேசாகப் புளித்த பாலின் வாசனை. முகம் சுளிக்க வைக்காத, கொஞ்சம் இனிப்பும் கலந்த ஒரு புளிப்பு. அரை மணி கழித்துச் சின்னவள் எழுந்தாள். அவளுடைய டயப்பரில் எனக்கு நன்கு தெரிந்த நாற்றம் இருந்தது. ஆய்வகத்து டப்பாவின் நாற்றம்.

நான்கு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே கட்டில். பெரியவன் மார்பில் குடித்தான். சின்னவள் பெரும்பாலும் புட்டியில் பால்மாவு குடித்தாள். அந்த வாசனைக்குப் பின்னால் போனதுதான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்தாவது வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து இருவரையும் எடுத்தார்கள். பெரியவன் 2.3 கிலோ. சின்னவள் 1.8 கிலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டதால் அவளை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் அங்கே இருந்தாள். தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். எனக்குப் பால் சுரக்க மூன்று நாளாயிற்று. முதல் இரண்டு நாளும் பீய்ச்சி எடுப்பதற்கு ஒரு பம்பு கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், யாரும் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "குழந்தைக்குத்தான் பால்மாவு போய்க்கொண்டிருக்கிறதே, உனக்கு ஏன் அவசரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சின்னவளை மார்பில் விட்டால் இரண்டு நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுவாள். பற்றிக் குடிக்க அவளுக்கு வலுவில்லை. நான் பீய்ச்சியதில் கிடைத்ததைப் புட்டியில் கொடுத்தேன்; போதாததற்குப் பால்மாவு. போதாததுதான் அதிகம்.

ஆறாவது வாரத்தில் என் ஆய்வகத் தோழி குழந்தைகளைப் பார்க்க வந்தாள். வரும்போது, அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் சுருள் ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். "மற்றவர்கள் கிலுகிலுப்பை கேட்பார்கள், அக்கா" என்றாள். இரண்டு டயப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். பெரியவனுடையது கடுகு மஞ்சள். தளர்ந்து, நடுவே சிறு சிறு மணிகள் போல. சின்னவளுடையது களிம்பு போலக் கெட்டியாக, பழுப்பாக. ஒவ்வொன்றிலும் ஈரமான இடமாகப் பார்த்துத் தாளை ஒற்றினோம். பெரியவனின் தாள் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே நின்றது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம். சின்னவளின் தாள் பச்சைக்குப் போனது, ஏழு. பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு. ஒரே கட்டிலில் படுத்திருந்த இரண்டு குடல்களுக்கு இடையில் ஐம்பது மடங்குக்கு மேல் அமில வேறுபாடு.

அமிலம் தானாக வராது. யாரோ அதைச் செய்கிறார்கள். யார் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் இரண்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்விட்டேன். மகப்பேறு விடுப்பில் இருக்கிறவள் மலத்தோடு வந்து நிற்பதைப் பார்த்து வரவேற்பில் இருந்த பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

கிராம் சாயம் போடுவது நான் ஆயிரக்கணக்கான முறை செய்த வேலை. கண்ணாடிச் சில்லில் மெல்லிய பூச்சு, சுடரில் காட்டி ஒட்டவைத்தல், ஊதாச் சாயம், அயோடின், சில விநாடி ஆல்கஹால், கழுவியபின் சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவர் கொண்டது ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். எண்ணெய்த் துளி விட்டு நூறு மடங்கு லென்சை இறக்கினேன்.

சின்னவளின் சில்லில் கலவை. இளஞ்சிவப்புக் குச்சிகள் ஏராளம், நடுநடுவே ஊதா உருண்டைகள், பல அளவில் ஊதாக் குச்சிகள். எனக்குப் பழகிய சந்தைக்கூட்டம். பெரியவனின் சில்லை வைத்தேன். பார்வைக்களம் முழுக்க ஊதா. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இளஞ்சிவப்பு. ஊதாக் கம்பிகள் நேராக இல்லை. வளைந்தும் கோணியும் முனை பருத்தும் கிடந்தன. அவற்றில் சில முனையில் இரண்டாகப் பிரிந்திருந்தன. மரக்கிளையை ஒடித்து எடுத்த கவட்டை மாதிரி. அத்தனை ஆண்டுகளில் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த பிஃபிடோபாக்டீரியா. பெரியவர்களின் மலத்தில் இது கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோகும். இங்கே ஊரே அதனுடையதாக இருந்தது.

சாயத்தை மட்டும் பார்த்து இனத்தை உறுதி சொல்லக்கூடாது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஊதாக் கம்பி என்றால் லாக்டோபாசில்லஸ் இருக்கலாம், கிளாஸ்ட்ரிடியம் இருக்கலாம். அந்தக் கவட்டை வடிவமும் அந்தப் புளிப்பும் சேர்ந்து இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு தைரியம்.

இதே காட்சியை 1899-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே என்ற குழந்தை மருத்துவர் பார்த்தார். தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான் அவர் இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்தார். இரண்டாகப் பிளந்தது என்ற பொருளில் பிஃபிடஸ் என்று பெயரிட்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால், 1885-இல், தியோடோர் எஷெரிஷ் என்ற இன்னொரு குழந்தை மருத்துவரும் குழந்தைகளின் மலத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்டது ஈ.கோலை, அதிலுள்ள 'ஈ' அவருடைய பெயர். நுண்ணுயிரியலின் இரண்டு பெரிய பெயர்கள் குழந்தைத் துணியிலிருந்து வந்திருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி உண்டு.

ஈ.கோலையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தட்டில் அது ரோஜா நிறத்தில் வளர்ந்து நிற்கும்போதெல்லாம் யாரோ ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று. ஆனால் பிறந்த குழந்தையின் குடலில் அது வேறு வேலை பார்க்கிறது. பிறந்த சமயத்தில் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். பிஃபிடோவுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ.கோலை, என்டிரோகாக்கஸ் போன்றவை முதலில் குடியேறி, இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. சில நாட்களில் வீடு பிஃபிடோ குடிவரத் தோதாகிவிடுகிறது. முதல் குடித்தனக்காரரை அதற்குமேல் தலையெடுக்க விடாமல் வைப்பது பாலின் வேலை.

அதை எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம்.

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 70 கிராம் லாக்டோஸ், 40 கிராம் அளவில் கொழுப்பு. இரண்டும் குழந்தைக்கு. அடுத்த இடத்தில் நிற்பது ஒலிகோசாக்கரைடு என்ற சிறு சர்க்கரைச் சங்கிலிகள்: லிட்டருக்கு 5 முதல் 15 கிராம். புரதத்தோடு போட்டி போடுகிற அளவு. சீம்பாலில் 20 கிராமையும் தாண்டும். இதுவரை 150-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்து அறிந்திருக்கிறார்கள். இத்தனையும் செய்து வைத்திருக்கிறதே, இதில் குழந்தைக்குச் செரிப்பது எவ்வளவு என்று பார்த்தால், கிட்டத்தட்ட எதுவுமில்லை. அதை வெட்டும் நொதி குழந்தையிடம் கிடையாது. வயிற்றைத் தாண்டி, சிறுகுடலைத் தாண்டி, பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

பேறு முடிந்து ஓய்ந்து கிடக்கிற உடம்பு, தன் சத்தைச் செலவழித்து, குழந்தைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் கிராம் கணக்கில் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி 1950-களில் பால் ஜியார்ஜி என்ற மருத்துவரின் மேசைக்கு வந்தது. ரைபோஃபிளேவின், வைட்டமின் பி6 ஆராய்ச்சிகளில் பேர் பெற்றவர். அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். தாய்ப்பால் சேர்த்தால் செழித்து வளர்ந்து, பசும்பாலில் சுணங்கும் ஒரு பிஃபிடஸ் வகை அவரிடம் இருந்தது. தாய்ப்பாலில் மட்டும் என்ன இருக்கிறது என்று தேடிப்போனபோது கிடைத்தவை இந்தச் சர்க்கரைகள். பசும்பாலில் இவை இருக்கின்றன, ஆனால் பெயரளவுக்குத்தான்.

தாய் இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். ஒருவர் குழந்தை, மற்றவர் குழந்தைக்குள் இருக்கிற பாக்டீரியா.

அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற முறையிலும் வேறுபாடு உண்டு. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற வகை சர்க்கரைச் சங்கிலியை முழுதாகத் தனக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே வைத்து வெட்டுகிறது. பக்கத்து இலைக்கு ஒரு துணுக்கு போகாது. 2008-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இந்தச் சர்க்கரைகளை இழுக்கவும் வெட்டவும் தேவையான மரபணுக்கள் சுமார் 43,000 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பிஃபிடம் என்ற வேறொரு வகை, நொதியை வெளியே வைத்துச் சங்கிலியை வாசலிலேயே உடைக்கிறது. சிதறுவதை அக்கம்பக்கத்து பிஃபிடோக்கள் பொறுக்கிக்கொள்கின்றன. இவை இரண்டில் எது ஒரு குழந்தையின் குடலில் முதலில் இடம்பிடிக்கிறது என்பதைப் பொறுத்தும் அந்தக் குடலின் கதை மாறும்.

சாப்பிட்டு முடித்தபின் வெளிவிடுவது அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும். என் பிஎச் தாள் ஆரஞ்சானதும், அந்தப் புளிப்பு வாசனையும் இவற்றால்தான். இந்த அமிலத்தில் ஈ.கோலையும் அதன் உறவுகளும் சுணங்கிப்போகும். அசிட்டிக் அமிலத்தின் உப்பான அசிட்டேட் குடற்சுவரின் செல்களுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். கொடிய ஈ.கோலை ஓ157 வகையைக் கொடுத்தபோது, அசிட்டேட்டை நிறையச் செய்யும் பிஃபிடோ இருந்த எலிகள் பிழைத்தன.

சர்க்கரைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. குடற்சுவரின் மேல் சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. பல நோய்க்கிருமிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பாலில் மிதக்கும் சங்கிலிகள் அதே சாயலில் இருப்பதால் சில கிருமிகள் ஏமாந்து இவற்றைப் பற்றிக்கொண்டு டயப்பருக்கு வந்து சேர்கின்றன. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் அப்படி ஏமாறுகிற ஒன்று.

பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; இரும்பில்லாமல் ஈ.கோலை பட்டினி கிடக்கும், பிஃபிடோவுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாவின் சுவரை அரிக்கிறது. பிறகு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள். நான் வேலைக்குப் போய்வந்த இத்தனை ஆண்டுகளில் என் குடல் பார்த்த கிருமிகள் எத்தனையோ. அவற்றை அடையாளம் கண்ட நோயெதிர்ப்பு செல்கள் குடலிலிருந்து கிளம்பி, இரத்தம் வழியே மார்புக்கு வந்து தங்கி, அங்கிருந்து அந்த எதிர்ப்பொருளைப் பாலில் விடுகின்றன. அம்மாவுக்குப் பரிச்சயமான எதிரிகளின் பட்டியல் குழந்தையின் குடலுக்குப் போகிறது. என் பட்டியல் நீளமாகத்தான் இருந்திருக்கும்.

பாலிலேயே உயிருள்ள பாக்டீரியாவும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் பால் மார்பிலிருந்து வரும்போது கிருமியற்றது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 107 தாய்-குழந்தை இணைகளைப் பார்த்தார்கள். முக்கியமாகத் தாய்ப்பாலே குடித்த குழந்தைகளின் குடல் பாக்டீரியாவில், முதல் மாதத்தில் சராசரியாக 27.7 சதவீதம் பாலிலிருந்தும், 10.4 சதவீதம் மார்புக்காம்பைச் சுற்றிய தோலிலிருந்தும் வந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். குழந்தை குடிக்கும்போது பால் கொஞ்சம் குழாய்களுக்குள் திரும்பிப் போவதை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் வாயிலுள்ளதும் கூடவே உள்ளே போகலாம். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், நேராகக் குடித்தவர்களின் தாய்ப்பாலிலும் பம்பு வைத்து எடுத்தவர்களின் பாலிலும் பாக்டீரியாக் கூட்டம் வேறுபட்டிருந்தது. பீய்ச்சிய பால் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சர்க்கரைகள் அதிலும் அப்படியேதான் இருக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்கு பம்போடு உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

சில்லுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று இரவு நான் அழுதேன். பெரியவனின் ஊதா வயலையும் சின்னவளின் சந்தைக்கூட்டத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு. கணவர் கேட்டார்: "ஒன்று, இரண்டு. வேறு குழந்தைகளிடம் பார்த்தாயா? இரண்டே மாதிரியை வைத்து உன் ஆய்வகத்தில் முடிவு எழுதுவாயா?" எழுத மாட்டேன். எழுதினால் என் மேலதிகாரி கிழித்துப் போடுவார்.

யோசித்தால், என் சோதனை எத்தனை ஓட்டையானது! சின்னவளுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போயிருக்கிறது. பிஃபிடோவைக் குறைக்க அது ஒன்றே போதும். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில், என் தோலை விட்டு விலகி, கையுறை போட்ட கைகளுக்கு நடுவே இருந்திருக்கிறாள். எடையும் குறைவு. இவற்றில் எது எவ்வளவு, பால்மாவு எவ்வளவு என்று இரண்டு கண்ணாடிச் சில்லால் பிரித்துச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை மட்டும் இருவருக்கும் பொது. அதன் தாக்கமும் சின்னதல்ல: 2019-இல் பிரிட்டனில் 596 குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், அறுவை சிகிச்சையில் பிறந்தவர்களிடம் குடலில் இயல்பாக வாழும் பாக்டீராய்டிஸ் குறைந்தும், மருத்துவமனைகளில் உலவும் என்டிரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை கூடியும் இருந்தன. பால் மறக்கும் பருவத்துக்குள் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்தும் போயிற்று. பெரியவனும் அப்படிப் பிறந்தவன்தான். அவன் குடலைப் பால் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

எல்லா அம்மாவின் பாலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஃப்யூடி2 என்ற மரபணு வேலை செய்யாத பெண்களின் பாலில் சில முக்கியமான சர்க்கரைகள் கிட்டத்தட்ட இருக்காது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அப்படி, மக்களுக்கு மக்கள் மாறும். அவர்களின் குழந்தைகளிடம் பிஃபிடோ கொஞ்சம் தாமதமாக நிலைகொள்வதாகப் பார்த்திருக்கிறார்கள். என் மரபணு எப்படி என்று தெரியாது. பெரியவனின் டயப்பரை வைத்துப் பார்த்தால் குறை சொல்வதற்கில்லை.

இன்னொன்று, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது. குடலில் எத்தனை வகை பாக்டீரியா இருக்கிறதோ அத்தனை நல்லது என்று பெரியவர்களுக்குச் சொல்வதைக் குழந்தைக்கும் பொருத்திவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் சின்னவளின் சந்தைக்கூட்டம்தான் மேல். முதல் மாதங்களில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் வகைகள் குறைவாக இருப்பதே இயல்பு. புட்டிப்பால் குடிக்கிற குடல் சீக்கிரமே பெரியவர்களின் குடல்போல் ஆகிறது. சீக்கிரம் முதிர்வது இந்த வயதில் சிறப்பில்லை.

இதற்கிடையில் ஓர் உறவினர் பிஃபிடோ துளி மருந்து ஒன்றை வாங்கி அனுப்பினார். சின்னவள் குறைமாதக் குழந்தை, கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அலமாரியிலேயே காலாவதியாயிற்று. உயிருள்ள பாக்டீரியா அடங்கிய இத்தகைய துளிகளால் குறைமாதக் குழந்தைகளுக்குக் கடும் இரத்தத் தொற்று வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தபோது அந்த மருத்துவரை நினைத்துக்கொண்டேன்.

பால்மாவு டப்பாவின் பின்பக்கத்தையும் அந்த நாட்களில் மனப்பாடம் செய்தேன். சின்னவள் குடித்ததில் 2'-ஃபூகோசில்லாக்டோஸ் என்று ஒரு வரி இருந்தது. தாய்ப்பால் சர்க்கரைகளிலேயே பல தாய்மாரிடம் மிகுதியாக இருக்கும் அந்த ஒன்றை மட்டும் தயாரித்து, 2016 வாக்கில் பால்மாவில் சேர்க்கத் தொடங்கினார்கள். நூற்றைம்பதில் ஒன்று. ஒன்றுமில்லாததற்கு ஒன்று பரவாயில்லை. அதைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரபணு மாற்றிய ஈ.கோலையைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அதைக்கொண்டு செய்கிறார்கள். பதினான்கு ஆண்டுகளாக நான் ரோஜா நிறத் தட்டுகளில் எண்ணிக் கழித்த அதே பயல், என் மகளுக்கு என்னால் கொடுக்க முடியாத சர்க்கரையைச் செய்து அனுப்பியிருக்கிறான்.

பத்தாவது வாரத்தில், நான் நம்பிக்கையை விட்டபின், சின்னவள் மார்பைப் பற்றினாள். பிறக்க வேண்டிய தேதியைத் தாண்டி ஐந்து வாரம். ஒரு மாலையில் பழக்கதோஷத்தில் மார்பில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் தூங்குவாள் என்று பார்த்தால் இருபது நிமிடம் விடவில்லை. விழுங்கும் ஓசை கேட்டது. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று கால் மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு மார்பும் புட்டியுமாகப் பாதிக்குப் பாதி ஓடியது.

நான்காம் மாத இறுதியில் வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரமே மூன்றாவது சில்லைப் போட்டேன். சின்னவளுடையது. சந்தைக்கூட்டம் கலையவில்லை, இளஞ்சிவப்பு நிறையவே இருந்தது. ஆனால் ஊதா கூடியிருந்தது. தோழியை அழைத்தேன். அவள் லென்சில் கண்ணை வைத்து நுண்திருகைத் திருகிக்கொண்டே, "மேல் பக்கம், இடது மூலை" என்றாள். பார்த்தேன். ஒரு கவட்டை. பக்கத்திலேயே இன்னொன்று. அதிலிருந்து நான் எந்த முடிவும் எழுதவில்லை. சில்லில் தேதி எழுதி எடுத்து வைத்தேன்.

அமெரிக்காவிலும் மூன்று ஐரோப்பிய நாடுகளிலுமாக 903 குழந்தைகளின் 12,000-க்கும் மேற்பட்ட மல மாதிரிகளைப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. குடல் பாக்டீரியாவை எது அதிகம் தீர்மானிக்கிறது என்று கேட்டபோது முதலிடத்தில் தாய்ப்பால்தான் நின்றது; முழுமையாகவோ பகுதியாகவோ, கிடைக்கிறதா என்பதே கேள்வி. அந்தப் 'பகுதியாகவோ' என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முடிகிறவர்கள் செய்யட்டும். முடியாதவளிடம் அதைத் துண்டறிக்கையாக நீட்டுவதற்கு முன்னால், முதல் நாளே ஒரு பம்பைக் கொண்டுவந்து கொடுங்கள்.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கியபோது பெரியவனின் டயப்பரும் நாறப்போகிறது என்று எதிர்பார்த்தேன். நாறியது, ஆனால் உள்ளுக்குள் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது. ஸ்வீடனில் 98 குழந்தைகளைப் பார்த்தவர்கள் 2015-இல் சொன்னது இதற்குப் பொருந்துகிறது: குடலைப் பெரியவர்களின் குடலாக மாற்றுவது திட உணவைத் தொடங்குவதைவிட, தாய்ப்பாலை நிறுத்துவதுதான். பால் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும் வரை, அதைத் தின்னத் தெரிந்தவர்களுக்கு உள்ளே இடமிருக்கிறது.

பதின்மூன்றாம் மாதத்தில் ஒருநாள் பெரியவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான், விட்டுவிட்டான். ஒரு வாரத்தில் அந்தப் புளிப்பு வாசனை போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டில் யாரென்று மூக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சின்னவள் இரண்டே கால் வயது வரை விடவில்லை. வேலை முடிந்து வந்து கைகழுவி முடிப்பதற்குள் குளியலறை வாசலில் வந்து நிற்பாள். அவளுக்கு நான்காவது சில்லு போடவே இல்லை.